ஃப்ளாட்புஷ் முனையில் கட்டப்படாத மைதானம்

1957 செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை இரவு. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த எபெட்ஸ் ஃபீல்டு மைதானத்தில் டாட்ஜர்ஸ் அணி பிட்ஸ்பர்க் அணியை 2-0 என்று ஜெயித்தது. 32,000 பேர் உட்காரக்கூடிய இடத்தில் அன்று இருந்தவர்கள் 6,702 பேர். அணி ஊரை விட்டுப் போகிறது என்று யாரும் இன்னும் அதிகாரபூர்வமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். மைதானத்து ஆர்கன் வாசிப்பாளர் கிளாடிஸ் குடிங் அன்றிரவு முழுக்கப் பிரிவுப் பாடல்களாகவே வாசித்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் சொல்லாமலேயே புரிந்துகொள்வது மாதிரிதான்.

புரூக்ளின் கிழவர்கள் பல வருஷம் சொல்லித் திரிந்த ஒரு ஜோக் உண்டு. ஒரு அறையில் ஹிட்லர், ஸ்டாலின், வால்டர் ஓமாலி மூன்று பேரும் இருக்கிறார்கள். உங்கள் கையில் துப்பாக்கி, அதில் இரண்டே தோட்டா. யாரைச் சுடுவீர்கள்? ஓமாலியை, இரண்டு தடவை.

ஓமாலி டாட்ஜர்ஸ் அணியின் முதலாளி. அணியைப் பிடுங்கிக்கொண்டு 4,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லாஸ் ஏஞ்சலீஸுக்குப் போனவர். பணத்தாசை பிடித்தவன் ஊரை ஏமாற்றினான் என்பதுதான் ரொம்ப நாள் நிலைத்த கதை. பிறகு வரலாற்றாசிரியர்கள் பழைய கடிதங்களைக் கிளறினார்கள். கிளறக் கிளறக் கதை வேறு மாதிரி ஆயிற்று. புது மைதானத்தை எந்த இடத்தில் கட்டுவது என்ற சண்டை அது. நில அளவைப் படத்தில் ஒரு முனையைக் காட்டி ஒருவர் கேட்டார். இன்னொருவர் வேறு இடத்தைக் காட்டி, அங்கே இல்லை, இங்கே என்றார். இருவரும் கடைசிவரை இறங்கி வரவில்லை.

பேஸ்பால் தெரியாதவர்கள் இதைப் படிப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. எனக்கே ஆட்ட விதிகள் அரைகுறைதான். தெரிந்துகொள்ள வேண்டியது புரூக்ளினைப் பற்றி.

1898 வரை புரூக்ளின் தனி நகரம். அந்த வருஷம்தான் நியூயார்க்குடன் இணைத்தார்கள். இணைத்த பிறகும் அந்தத் தனி ஊர் மிடுக்கு போகவில்லை. அந்த மிடுக்குக்கு மிச்சமிருந்த ஒரே கொடி இந்த அணி. டாட்ஜர்ஸ் என்ற பெயரே ஊரிலிருந்து வந்தது. தெருவெல்லாம் டிராம் வண்டிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடும், அவற்றிடமிருந்து தப்பித்து ஓடுகிறவர்கள் புரூக்ளின்காரர்கள் என்ற கிண்டலே அணிக்குப் பெயராயிற்று. உலகத் தொடர் இறுதிக்குப் போவார்கள், பணக்கார யாங்கீஸிடம் தோற்பார்கள், ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்பார்கள். அது ஊரின் பழமொழி மாதிரியே ஆகிவிட்டது. 1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் இந்த அணிக்காக, இந்த எபெட்ஸ் ஃபீல்டில்தான் இறங்கினார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய லீக் ஆட்டங்களில் முதல் கறுப்பின ஆட்டக்காரர். 1955இல் ஒருவழியாக யாங்கீஸைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார்கள். புரூக்ளின் வாங்கிய ஒரே பட்டம் அது.

அந்தப் பட்ட வருஷத்திலும் மைதானத்துக்கு வந்தவர்கள் 10 லட்சத்துச் சொச்சம் பேர்தான். இங்கேதான் ஓமாலியின் கணக்குப் புத்தகம் திறக்கிறது. 1953இல் பாஸ்டனிலிருந்த பிரேவ்ஸ் அணி மில்வாக்கிக்கு இடம்பெயர்ந்தது. அங்கே மக்கள் வரிப்பணத்தில் புது மைதானம், சுற்றிலும் கார் நிறுத்த இடம். அடுத்த வருஷமே 20 லட்சம் பேர் வந்தார்கள். புரூக்ளினோடு ஒப்பிட்டால் மில்வாக்கி சின்ன ஊர். எபெட்ஸ் ஃபீல்டு 1913இல் திறந்தது. கம்பம் மறைக்கும் இருக்கைகள், நாறும் கழிப்பறைகள், சுமார் 700 கார்கள் நிறுத்தத்தான் இடம். போருக்குப் பிறகு புரூக்ளினின் வெள்ளைக்கார நடுத்தரக் குடும்பங்கள் லாங் ஐலண்டின் புதுக் குடியிருப்புகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. காரில் வருகிறவர்களாக, இல்லையென்றால் வீட்டிலிருந்து டிவியில் பார்க்கிறவர்களாக ஆகிவிட்டார்கள். அவர்கள் விட்டுப்போன தெருக்களில் கறுப்பின, போர்ட்டோ ரிக்கக் குடும்பங்கள் குடியேறின. ராபின்சனை ஆட வைத்த அணி, ராபின்சன் மாதிரி ஆட்கள் பக்கத்தில் குடிவந்ததும் ரசிகர் வரமாட்டார் என்று கவலைப்பட்டது. இதை யாரும் பத்திரிகைக்குச் சொல்லவில்லை. ‘பகுதி மாறிப்போச்சு’ என்றார்கள். எந்த ஊரிலும் அந்த வாக்கியத்துக்கு அதே அர்த்தம்தான்.

ஓமாலி தேர்ந்தெடுத்த இடம் அட்லாண்டிக் அவென்யூவும் ஃப்ளாட்புஷ் அவென்யூவும் சந்திக்கும் முனை. படத்தைப் பார்த்தால் அவர் மூளையை மெச்சத் தோன்றும். லாங் ஐலண்டு ரயில்பாதையின் கடைசி நிலையம் அங்கே இருக்கிறது. சுரங்க ரயில்கள் பல அங்கே வந்து கூடுகின்றன. ஊரை விட்டுப் போன ரசிகர் ரயிலேறி நேராக மைதான வாசலில் வந்து இறங்கலாம். அந்த இடத்தில் ஒரு பழைய இறைச்சிச் சந்தை இருந்தது. அதை எப்படியும் அகற்ற வேண்டும் என்று நகராட்சியே பேசிக்கொண்டிருந்தது. மேலே கூரை போட்ட மைதானம் வேண்டும் என்று ஓமாலிக்கு ஆசை. மழைக்கு ஆட்டம் நிற்கக் கூடாது. 1955இல் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் போய்ப் பிரின்ஸ்டன் மாணவர்களை வைத்து ஒரு கோளக் கூரையின் மாதிரி செய்ய வைத்தார். கூரை போட்ட முதல் பெரிய பேஸ்பால் மைதானம் உண்மையில் வந்தது ஹூஸ்டனில், 1965இல். பத்து வருஷம் முன்னால் யோசித்திருக்கிறார் மனுஷன்.

கட்டுகிற செலவு என்னுடையது, வரியும் கட்டுகிறேன் என்றார். அவர் கேட்டது நிலம் மட்டும். அதையும் விலைக்குத்தான். ஆனால் நில உரிமையாளர்கள் பலர். ஓமாலி வாங்குகிறார் என்று தெரிந்தால் கடைசித் துண்டுக்காரன் கேட்கும் விலை வானத்துக்குப் போகும். எபெட்ஸ் ஃபீல்டைக் கட்டிய சார்லஸ் எபெட்ஸுக்கும் இதே பிரச்சினை இருந்தது. பன்றிகள் மேயும் குப்பை மேடாக இருந்த அந்த இடத்தை வேறொரு நிறுவனத்தின் பெயரில் துண்டு துண்டாக, ரகசியமாக வாங்கிச் சேர்த்தார். 1950களில் அப்படிச் செய்ய முடியாது. ஆனால் இன்னொரு வழி திறந்திருந்தது. 1949 வீட்டுவசதிச் சட்டத்தின் முதல் தலைப்புப்படி, ‘சேரி’ என்று குறித்த பகுதியை நகராட்சி கட்டாயமாகக் கையகப்படுத்தலாம், தனியாரிடம் குறைந்த விலைக்குக் கொடுக்கலாம், நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசு ஏற்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பொதுப் பயன் இருக்க வேண்டும். நம்முடைய 1894 நிலம் கையகப்படுத்தும் சட்டத்திலும் இருந்த அதே சொல்தான்.

நியூயார்க்கில் அந்தச் சட்டத்தின் சாவி ஒரே ஆளின் இடுப்பில் தொங்கியது. ராபர்ட் மோசஸ். 1934இல் ஆளுநர் தேர்தலில் நின்று படுதோல்வி அடைந்தவர், அதற்கப்புறம் எந்தத் தேர்தலிலும் நின்றதில்லை. நிற்கத் தேவையும் இருக்கவில்லை. பூங்காக்களின் ஆணையர், டிரைபரோ பாலம் சுங்க ஆணையத்தின் தலைவர், நகரக் கட்டுமான ஒருங்கிணைப்பாளர், சேரி ஒழிப்புக் குழுவின் தலைவர் எல்லாம் அவரே, ஒரே நேரத்தில். மேயர்கள் வருவார்கள் போவார்கள், மோசஸ் இருப்பார். சுங்கப் பணம் அவர் கையில், அதனால் யாரிடமும் கைநீட்ட வேண்டியதில்லை. பாலங்கள், விரைவுச் சாலைகள், கடற்கரைகள், நீச்சல் குளங்கள், அவற்றுக்காக வீடிழந்த ஆயிரமாயிரம் குடும்பங்கள். கார் ஓட்டத் தெரியாத அந்த மனிதர்தான் நியூயார்க்கைக் கார்களின் ஊராக்கினார்.

1955இல் ஓமாலி கேட்டபோது மோசஸ் பதில் எழுதினார். தனியார் பேஸ்பால் வியாபாரத்துக்காக நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுப்பது பொதுப் பயன் ஆகாது என்பது அதன் சாரம்.

இந்தப் பதிலை இரண்டு விதமாகப் படிக்கலாம். எனக்கு இரண்டுமே சரி என்று தோன்றுவதுதான் சிக்கல். ஒரு பக்கம், இது அப்பட்டமான இரட்டை வேடம். அதே சட்டத்தை வைத்துக் கொலம்பஸ் சர்க்கிளில் வீடுகளை இடித்துவிட்டு ஒரு கண்காட்சிக் கூடம் கட்டிக்கொண்டிருந்தார் மோசஸ். பிறகு லிங்கன் சென்டருக்கும் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்துக்கும் அதே சட்டத்தில் நிலம் எடுத்துத் தந்தார். ஆப்பராவுக்குப் பொதுப் பயன் உண்டு, புரூக்ளின் தொழிலாளி வார இறுதியில் போய்க் கத்திவிட்டு வருகிற இடத்துக்கு இல்லையா? மறு பக்கம், ஒரு முதலாளி லாபம் பார்க்க அரசு அடுத்தவன் நிலத்தைப் பிடுங்கித் தரக் கூடாது என்று எந்த நோக்கத்தில் சொன்னாலும் அது சரியான பேச்சுத்தானே. இன்றைக்கு மைதான மானியங்களை ஆராய்கிற பொருளாதார அறிஞர்கள் பெரும்பாலோர் மோசஸ் பக்கம்தான் நிற்பார்கள்.

ஓமாலி மிரட்டிப் பார்த்தார். 1956இல் ஏழு உள்ளூர் ஆட்டங்களை நியூஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி சிட்டியில் ஆடப்போகிறோம், 1957க்குப் பிறகு எபெட்ஸ் ஃபீல்டு கிடையாது என்று 1955 ஆகஸ்டில் அறிவித்தார். அப்புறம் எபெட்ஸ் ஃபீல்டையே வீட்டுமனைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருந்தார். பாலத்தை எரித்துவிட்டு ஆற்றைத் தாண்டுகிற ஆள். மேயர் ராபர்ட் வாக்னர் நல்லவர், எல்லாரிடமும் சிரித்துப் பேசுவார், எதையும் முடிக்க மாட்டார். 1956 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றம் புரூக்ளின் விளையாட்டு மைய ஆணையம் என்று ஒன்றை உண்டாக்கியது. ஆளுநர் ஹாரிமன் கையெழுத்துப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். ஆணையம் ஆய்வுக்குக் கேட்ட பணத்தில் ஒரு சிறு பகுதியைத்தான் நகர நிதிக்குழு கொடுத்தது. குவீன்ஸ், பிராங்ஸ் பிரதிநிதிகளுக்குப் புரூக்ளினில் மைதானம் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன? கமிட்டி போட்டுக் கொல்வது என்பது நமக்குத் தெரியாத கலை இல்லை.

மோசஸிடம் மாற்று இடம் ஒன்று தயாராக இருந்தது. குவீன்ஸ் பகுதியில் ஃப்ளஷிங் மெடோஸ். ஒரு காலத்தில் சாம்பல் கொட்டும் சதுப்பு நிலம், மோசஸ் அதை 1939-40 உலகக் கண்காட்சிக்காக நிரவினார். அவருடைய நெடுஞ்சாலைகள் அதைச் சுற்றி ஓடின. மைதானத்தை நகராட்சி கட்டும், அணி வாடகைக்கு இருக்கட்டும் என்றார். ஓமாலிக்கு அது இரண்டு விதத்தில் கசந்தது. சொந்த வீட்டுக்காரனாக ஆசைப்பட்டவனைக் குடித்தனக்காரனாக்குகிறார்கள். இன்னொன்று, அது புரூக்ளின் இல்லை. குவீன்ஸுக்குப் போன பிறகு அணியைப் புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்று எப்படிக் கூப்பிடுவது? புரூக்ளினை விட்டு ஐந்து மைல் போனாலும் ஐயாயிரம் மைல் போனாலும் போனது போனதுதான் என்பது அவர் வாதம். இதில் பாதி நடிப்பாகவும் இருக்கலாம். ஏனென்றால் 1957 பிப்ரவரியிலேயே லாஸ் ஏஞ்சலீஸின் சின்ன லீக் அணியையும் அதன் மைதானத்தையும் அவர் விலைக்கு வாங்கியிருந்தார்.

*

லாஸ் ஏஞ்சலீஸ் வெகுநாளாகவே ஒரு பெரிய அணிக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. 1953இல் தன் 22ஆவது வயதில் நகரமன்றத்துக்கு வந்த ராசலிண்ட் வைமன், பெரிய லீக் பேஸ்பாலை ஊருக்குக் கொண்டுவருவேன் என்று சொல்லி ஜெயித்தவர். 1957 மே மாதம் ஓமாலியை ஹெலிகாப்டரில் ஏற்றி ஊரைக் காட்டினார்கள். நகர மையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மலைப்பாங்கான இடம், கிட்டத்தட்ட காலி, சுற்றிலும் விரைவுச் சாலைகள். புரூக்ளினில் ஒரு முனைக்காக மன்றாடிக்கொண்டிருந்த மனிதருக்கு இங்கே சுமார் 300 ஏக்கர்.

நியூயார்க் பக்கத்துப் புத்தகங்கள் இந்த இடத்தில் கதையை முடித்துவிடும். ஓமாலி பறந்தார், மோசஸ் ஜெயித்தார், ஊர் அழுதது. எனக்கு அந்த ‘கிட்டத்தட்ட காலி’ என்பதில்தான் கால் இடறுகிறது. நகரத்துக்கு நடுவே 300 ஏக்கர் எப்படிக் காலியாகும்?

அந்த மலைக்குச் சாவேஸ் ரவீன் என்று பெயர். அங்கே பாலோ வெர்தே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள் இருந்தன. மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள், அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். மற்ற இடங்களில் அவர்களுக்கு வீடு விற்க மாட்டார்கள் என்பதால் இங்கே சேர்ந்தவர்கள். ஆடு, கோழி, காய்கறித் தோட்டம், மண் சாலை, ஒரு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம். 1950 ஜூலையில் எல்லா வீட்டுக்கும் நகர வீட்டுவசதி ஆணையத்தின் கடிதம் வந்தது. இங்கே அரசுக் குடியிருப்பு கட்டப்போகிறோம், வீடுகளை விற்றுவிடுங்கள், புது வீடுகளில் உங்களுக்குத்தான் முதல் உரிமை. கட்டடக்கலைஞர் ரிச்சர்ட் நாய்ட்ராவும் ராபர்ட் அலெக்சாண்டரும் திட்டம் வரைந்தார்கள். இருபத்து நான்கு பதின்மூன்று மாடிக் கோபுரங்கள், 160க்கும் மேற்பட்ட இரண்டடுக்குக் கட்டடங்கள், மூவாயிரத்துக்கும் மேல் வீடுகள். இதற்கும் பணம் வந்தது அதே 1949 சட்டத்திலிருந்துதான். ஃப்ளாட்புஷ் முனையில் ஓமாலிக்குக் கைகொடுக்காத சட்டம் இந்த மலையை அவருக்காக ஏற்கெனவே துடைத்து வைத்துக்கொண்டிருந்தது.

பெரும்பாலான குடும்பங்கள் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போயின. சீக்கிரம் விற்றவர்களுக்கு நல்ல விலை, தயங்கியவர்களுக்குக் குறைந்த விலை. அப்புறம் காற்று மாறியது. அது மெக்கார்த்தி காலம். அரசு வீடு கட்டிக் கொடுத்தால் அது சோஷலிசம் என்று வீட்டுமனைத் தொழில்காரர்களும் பத்திரிகைகளும் கூச்சல் போட்டார்கள். ஆணையத்தில் இந்தத் திட்டத்தைத் தோளில் சுமந்தவர் ஃபிராங்க் வில்கின்சன். 1952இல் நீதிமன்ற விசாரணை ஒன்றில், நீங்கள் எந்தெந்த அமைப்புகளில் இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சொல்ல முடியாது என்றார். வேலை போயிற்று. பின்னாளில் நாடாளுமன்றக் குழுவுக்கும் அதே பதிலைச் சொல்லி 1961இல் சிறைக்கும் போனார். 1953இல் அரசுக் குடியிருப்பை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த நாரிஸ் பூல்சன் மேயரானார். திட்டம் கைவிடப்பட்டது. நிலத்தை மத்திய அரசிடமிருந்து நகராட்சி மலிவாக வாங்கிக்கொண்டது, பொதுப் பயனுக்கே பயன்படுத்துவோம் என்ற உறுதியோடு.

வீடுகளை இடித்தாயிற்று, வீடு கட்டவும் இல்லை. ஓமாலி ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தது அந்தக் காலியை.

1957 அக்டோபர் 7 அன்று நகரமன்றம் 10க்கு 4 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. ஓமாலி வாங்கியிருந்த பழைய சின்ன மைதானத்துக்கு மாற்றாகச் சாவேஸ் ரவீன் நிலம். மைதானத்தை அவர் சொந்தச் செலவில் கட்ட வேண்டும், மலையை நிரவவும் சாலை போடவும் நகரமும் மாவட்டமும் உதவும். எதிர்ப்பாளர்கள் கையெழுத்து வாங்கிப் பொது வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். மன்றத்தில் எதிர்த்தவர்களில் எட்வர்ட் ராய்பால் முக்கியமானவர். அந்த மன்றத்தில் மெக்சிகோ வம்சாவளிக் குரல் அவருடையதுதான். வாக்கெடுப்புக்கு இரண்டு நாள் முன்னால் மணிக்கணக்கில் ஒரு டிவி நிகழ்ச்சி நடத்தினார்கள். நட்சத்திரங்கள் வந்து பேசினார்கள். நடிகர் ரொனால்ட் ரீகனும் வந்து, அந்த இடத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்ற தொனியில் பேசினார். 1958 ஜூன் 3 அன்று ஏறத்தாழ 6 லட்சத்து 77 ஆயிரம் பேர் வாக்களித்ததில் சுமார் 26 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில் ஒப்பந்தம் பிழைத்தது. நீதிமன்றத்திலும் பொதுப் பயன் என்ற சொல் மறுபடி எழுந்தது. கீழ் நீதிமன்றம் ஒப்பந்தம் செல்லாது என்றது, 1959 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கடலோரம் மாறியதும் சொல்லின் பொருளும் மாறியது.

1959 மே 8, வெள்ளிக்கிழமை. மலையில் இன்னும் சில குடும்பங்கள் மிச்சம். அதில் ஒரு குடும்பம் 1920களிலிருந்து அங்கே இருந்தது. அரசு நிர்ணயித்த 10,050 டாலரை வாங்க மறுத்து வருஷக்கணக்காக வழக்காடியது. ஷெரிஃபின் ஆட்கள் வந்தார்கள். குடும்பத்துப் பெண் ஒருவரை நான்கு பேர் கைகாலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் படம் இன்றைக்கும் கிடைக்கிறது. அவர்கள் வெளியே வந்த சில நிமிஷங்களில் புல்டோசர் வீட்டைச் சாய்த்தது. எல்லாம் டிவி காமிராக்களுக்கு முன்னால். குடும்பம் இடிபாட்டுக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு உட்கார்ந்தது. ஊர் பதறியது. சில நாளில் அந்தக் குடும்பத்துக்கு வேறு இடத்தில் வீடுகள் இருக்கின்றன என்று பத்திரிகைகள் கண்டுபிடித்தன. ஊர் பதறுவதை நிறுத்திக்கொண்டது. ஏழையாக இருந்தால்தான் நியாயம் கேட்கலாம் என்ற விதி எங்கே எழுதியிருக்கிறதோ தெரியவில்லை.

மைதானம் 1962 ஏப்ரல் 10 அன்று திறந்தது. சுமார் 2 கோடியே 30 லட்சம் டாலர், தனியார் பணம். 56,000 இருக்கைகள். அழகான மைதானம், அதைச் சொல்லத்தான் வேண்டும். வண்டி நிறுத்துமிடங்கள் மலைச்சரிவில் தட்டுத்தட்டாக இறங்கும், பின்னால் மலைத்தொடர் தெரியும். பாலோ வெர்தே பள்ளிக்கூடத்தை இடிக்கக்கூட இல்லை. கூரையைக் கழற்றிவிட்டு மண்ணைக் கொட்டி மூடினார்கள். சுவர்கள் கார் நிறுத்துமிடத்துக்குக் கீழே இன்னும் நிற்கின்றன என்கிறார்கள்.

நியூயார்க்கில் 1960 பிப்ரவரி 23 அன்று எபெட்ஸ் ஃபீல்டை இடித்தார்கள். இடிக்கும் இரும்புக் குண்டுக்கு பேஸ்பால் மாதிரி வெள்ளையடித்துச் சிவப்புத் தையல் வரைந்திருந்தார்கள். யார் மூளையில் உதித்த ரசனையோ. அந்த இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. அங்கே ‘பந்து விளையாடக் கூடாது’ என்று பலகை வைத்தார்கள். மோசஸ் ஆசைப்பட்ட ஃப்ளஷிங் மெடோஸில் 1964இல் நகராட்சிப் பணத்தில் ஷே மைதானம் எழுந்தது. மெட்ஸ் என்ற புது அணி வாடகைக்குக் குடிவந்தது. அதுவும் 2009இல் இடிந்து போயிற்று.

ஃப்ளாட்புஷ் முனை பல வருஷம் அப்படியே கிடந்தது. 2003இல் புரூஸ் ராட்னர் என்ற கட்டுமான முதலாளி, ஓமாலி கேட்ட இடத்துக்குச் சாலைக்கு எதிர்ப்புறம், ரயில் யார்டுக்கு மேலே கூடைப்பந்து அரங்கம் கட்டப்போவதாக அறிவித்தார். இந்த முறை மாநிலம் அவருக்காக வீடுகளைக் கையகப்படுத்தியது. குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2009 நவம்பரில் நியூயார்க்கின் உச்ச மன்றம் அது பொதுப் பயன்தான் என்று தீர்ப்புச் சொன்னது. 2012 செப்டம்பரில் ஜே-ஸீயின் கச்சேரியோடு அரங்கம் திறந்தது. ஓமாலி சொன்ன மாதிரியே ஜனங்கள் ரயிலில் வந்து வாசலில் இறங்கினார்கள்.

லாஸ் ஏஞ்சலீஸின் மெக்சிகோக் குடும்பங்களில் பல அந்த மைதானத்துக்கு வெகுநாள் போகவில்லை. 1981இல் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் குக்கிராமத்திலிருந்து ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா என்ற இருபது வயதுப் பையன் வந்தான். கொஞ்சம் தொப்பை, இடது கை, பந்தை விடும் முன் கண்ணை வானத்துக்கு உருட்டும் பழக்கம். எடுத்த எடுப்பில் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து ஜெயித்தான். மலைக்குக் கூட்டம் கூட்டமாக ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஏறி வந்தார்கள், அப்பாக்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு. மலையிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் தங்களை ‘லோஸ் தெஸ்தெர்ராதோஸ்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மண்ணிலிருந்து துரத்தப்பட்டவர்கள் என்று பொருள். வருஷத்துக்கு ஒருமுறை மைதானத்தை ஒட்டிய எலிசியன் பூங்காவில் கூடிச் சாப்பிட்டார்கள். அவர்களிலும் டாட்ஜர்ஸ் தொப்பி போட்டு வந்தவர்கள் உண்டு, அந்த வாசலில் கால் வைக்க மாட்டேன் என்றவர்களும் உண்டு.